பாம்புக்கடிக்கு யார் பணம் கொடுப்பது?



ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலம் எப்படி இருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று சாரலை அள்ளித் தெளிக்கும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நெருக்கியடிக்கும். அதே நாட்களில்தான் அருகிலுள்ள இலஞ்சி, மேலகரம் வயல்களில் கார் சாகுபடி வேலைகளும் நடக்கும். வயலில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும்.

ஒரு நாள் மாலை, வரப்பு வழியே வீடு திரும்பும் விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் மடியில் இருப்பது அன்றைய கூலி மட்டுமே. அவரைக் காப்பாற்றும் மருந்து உலகில் இருக்கிறது. அந்த மருந்துக்கு யார் பணம் கொடுப்பது?

அரசு மருத்துவமனை நல்லதா, தனியார் மருத்துவமனை நல்லதா என்று பெரியவர்கள் வாதாடுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வாதத்தை இந்த ஒரு கேள்வியை வைத்து ஆராய்ந்து பார்ப்போமா?

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் மிகுதியான உயிர்களைப் பறிக்கும் பாம்புகள் நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. அதன் உறுப்பினர்கள் பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் செலுத்துவார்கள். குதிரையின் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்கள் உண்டாகும். அவற்றைப் பிரித்தெடுத்து உலர்த்திக் குப்பியில் அடைத்தால் அதுவே முறிவு மருந்து.

ஒரு மில்லிலிட்டர் மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்கவல்லது. கணக்குப் பார்த்தால், 10 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குப்பி 6 மில்லிகிராம் நஞ்சைத்தான் முறிக்கும். பாம்பு அதைப்போல் பல மடங்கு நஞ்சைச் செலுத்தியிருக்கக்கூடும். அதனால்தான் சிகிச்சையின் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகள் வரை ஏற்றுகிறார்கள். ஒரு குப்பி சில நூறு ரூபாய் என்றால், முதல் தவணைக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. நமது தொழிலாளிக்கு அது பல நாள் கூலி.

சந்தைக் கத்தரிக்காயும் சிகிச்சையும்

தென்காசிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? நாலு கடையில் விலை கேட்பீர்கள். புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பீர்கள். விலை கூடுதல் என்றால் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

பாம்பு கடித்தவர் இப்படிச் செய்ய முடியுமா? நாலு மருத்துவமனையில் விலை கேட்க நேரமில்லை. எத்தனை குப்பி தேவை என்று அவருக்குத் தெரியாது, மருத்துவருக்குத்தான் தெரியும். இது விலை அதிகம், வேறொன்று கொடுங்கள் என்று சொல்லவும் வழியில்லை. எந்த ஆண்டில் எந்தக் குடும்பத்திற்கு இந்தச் செலவு வரும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நோயின் இந்தத் தனித்தன்மையை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். பின்னர் 1972-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். மற்றப் பொருள்களுக்குப் பொருந்தும் சந்தை விதிகள் மருத்துவத்திற்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதே அவர் கருத்தின் சாரம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேவை இருக்கிறது, ஆனால் வாங்கப் பணமில்லை என்றால் சந்தை என்ன செய்யும்? ஆப்பிரிக்கப் பாம்புகள் பத்தின் நஞ்சை முறிக்கும் 'ஃபாவ்-ஆஃப்ரிக்' என்ற மருந்தைப் பிரெஞ்சு நிறுவனமான சனோஃபி தயாரித்து வந்தது. 2014-இல் அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பாம்புகள் கடிப்பதை நிறுத்தவில்லை. மருந்து லாபம் தரவில்லை, அவ்வளவுதான். பாம்புக்கடிக்கு ஆளாவோர் பெரும்பாலும் ஏழை உழவர்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பர் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

தர்மமா, வரியா?

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பாம்புக்கடி மருந்து இலவசம். தென்காசியிலுள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனை குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. நமது தொழிலாளியை 108 வண்டியில் ஏற்றினால் விரைவில் அங்கே சேர்த்துவிடலாம்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் அரசு மருத்துவமனையைத் 'தர்மாஸ்பத்திரி' என்பார்கள். ஆனால் இது யாரோ போடும் தர்மம் அல்ல. ஒரு சோப்புக்கட்டி வாங்கும்போதுகூட நாம் எல்லாரும் வரி கட்டுகிறோம். அந்தத் தொழிலாளியும் கட்டுகிறார். இன்று யாருக்கு நோய் வரும் என்று தெரியாததால், எல்லாரும் சிறிது சிறிதாகப் போட்டு வைக்கும் பொது உண்டியல் அது.

இந்த எண்ணம் நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே உருவானது. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் தந்த அறிக்கையில், பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்றது. அக்குழு பரிந்துரைத்த ஆரம்ப சுகாதார நிலையங்களே இன்று சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் திட்டமிடப்படுகின்றன.

அரசு எல்லாருக்குமாகச் சேர்த்து வாங்குவதில் மற்றொரு நன்மையும் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்துகளை இது ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. மாதிரிகளை ஆய்வுக்கூடங்களில் சோதிக்கிறது. மாவட்டக் கிடங்குகளில் வைத்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ் புத்தகம் உண்டு. ஒதுக்கப்பட்ட தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். கோடிக்கணக்கான மாத்திரை வாங்குபவருக்கும் பத்து மாத்திரை வாங்குபவருக்கும் ஒரே விலையா சொல்வார்கள்? இந்த முறையைப் பின்பற்றிக் கேரளமும் ராஜஸ்தானும் இதுபோன்ற கழகங்களை அமைத்தன.

அடுத்த வீட்டு அம்மை

பாம்புக்கடி கடிபட்டவரோடு நின்றுவிடும். தொற்றுநோய் அப்படி நிற்காது. குற்றாலத்திற்கு அருகிலுள்ள செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிப் பகுதியில் இருந்தது. திருவிதாங்கூர் அரசு 1879-இல் அரசு ஊழியர், கைதிகள், மாணவர்கள் ஆகியோர் பெரியம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்வதைக் கட்டாயமாக்கியது. ஏன் தெரியுமா? ஒருவர் ஊசி போட்டுக்கொண்டால் அவருக்கு மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு. இந்தப் பலனை அடுத்த வீட்டுக்காரரிடம் எந்தக் கடைக்காரரும் விற்க முடியாது. ஆகவே தடுப்பூசி, கொசு ஒழிப்பு, குடிநீர்ச் சுத்தம் போன்றவற்றை எல்லா நாடுகளிலும் பெரும்பாலும் அரசே மேற்கொள்கிறது. இந்தியாவில் 1975-இல் பெரியம்மையும், 2011-இல் போலியோவும் மறைந்தது இப்படித்தான்.

அப்படியானால் தனியார் எதற்கு?

இதுவரை படித்ததை வைத்து, தனியார் மருத்துவமனையே வேண்டாம் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். 2017–18-இல் மத்திய அரசு நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பில், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 55 பேர் தனியாரிடமே சென்றிருந்தனர். அரசு மருத்துவமனையில் நீண்ட வரிசை, படுக்கை நெருக்கடி, காலியாகக் கிடக்கும் பணியிடங்கள் ஆகியவை பல இடங்களில் உண்மையே. மருந்து அலமாரியில் இருந்தும், இரவில் அதை ஏற்ற மருத்துவர் இல்லை என்றால் என்ன பயன்? தனியார் விரைவாகப் புதிய கருவிகளை வாங்குகிறார்கள், காத்திருப்பும் குறைவு.

ஆனால் செலவு? அதே கணக்கெடுப்பில், பிரசவம் நீங்கலாக, ஒருமுறை தங்கிச் சிகிச்சை பெற அரசு மருத்துவமனையில் சராசரியாக 4,452 ரூபாயும், தனியாரிடம் 31,845 ரூபாயும் செலவானது. இங்கே அறிவியல் மாணவராகிய நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே வகை நோயாளிகளா வந்தார்கள்? ஒரே வகை அறுவைச் சிகிச்சையா நடந்தது? இல்லை. மேலும், அரசு செய்யும் செலவு நோயாளி கொடுத்த 4,452 ரூபாயில் சேரவில்லை. அது வரிப்பணத்திலிருந்து போகிறது. ஆகவே இந்த எண்கள் எது திறமையானது என்று காட்டுவதில்லை. நோய் வந்த வேளையில் குடும்பத்தின் கையை எது அதிகம் கடிக்கிறது என்பதையே காட்டுகின்றன.

அரசும் அல்லாத, லாப நோக்கும் இல்லாத மூன்றாம் வகையும் உண்டு. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்க இயலாமற்போன திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்குப் பணி செய்கிறது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், பணம் கொடுக்க முடிந்தவர்களின் கட்டணம் கொடுக்க முடியாதவர்களின் சிகிச்சைக்கும் உதவுகிறது.

கேள்வியைப் பிரித்துப் பாருங்கள்

'அரசா, தனியாரா?' என்பது உண்மையில் ஒன்றாகப் பின்னிய இரண்டு கேள்விகள். மருத்துவமனையை நடத்துவது யார்? செலவை ஏற்பது யார்? பிரிட்டனில் 1948 முதல் பெரும்பாலும் இரண்டுமே அரசு. கனடாவில் மருத்துவர்களில் பலர் தனியார். ஆனால் செலவு அரசினுடையது. நம் மாநிலத்திலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஏழைக் குடும்பம் தனியார் மருத்துவமனைக்குச் செல்லலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை திட்டம் ஏற்கிறது. ஆனால் எவ்வளவு சிகிச்சை தேவை என்று சொல்பவரே அதற்கான பில்லையும் எழுதுகிறார் அல்லவா? ஆகவே கண்காணிப்பு மிக அவசியம்.

நாடு முழுவதற்குமான கணக்கு இது: மருத்துவத்திற்குச் செலவான ஒவ்வொரு 100 ரூபாயிலும் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது 2013–14-இல் 64 ரூபாய், 2021–22-இல் 39 ரூபாய். குறைந்திருக்கிறது. ஆனால் அந்த 39 ரூபாய்க்காக இன்றும் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

நமது தொழிலாளியைப் பொறுத்தவரை, நடத்துபவர் யாராயினும் மூன்று தேவை: மருந்து அருகில் இருக்க வேண்டும், ஏற்றத் தெரிந்தவர் இருக்க வேண்டும், பணம் எங்கே என்ற கேள்வி வாசலில் எழக்கூடாது. மூன்றாவதைச் சந்தை தானாகச் செய்யாது. எல்லாரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை: பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு ஆசிரியருடன் செல்லுங்கள். பாம்புக்கடி மருந்து இருப்பில் உள்ளதா, இரவில் யார் பணியில் இருப்பார் என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கிராம சபையில் பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். பொது உண்டியலில் உங்கள் காசும் இருக்கிறது!