நீலமலையிற் கல்வி மனைகள்

பள்ளி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன உயர்ந்த மதிலும் வளைந்த வாயிலும் மணிக்கூண்டுமே. நம் முன்னோர்க்கோ பள்ளியாவது ஆசிரியர் வீட்டுத் திண்ணையே. ஏட்டில் எழுதுமுன் விரல் பயின்றது பரப்பிய மணலிலேயே. கட்டடமின்றியும் கல்வி நடந்த இந்நாட்டில், நீலமலைமீது பள்ளி மனைகள் எழுந்த வரலாறு அறியத்தக்கது.

கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு வந்தார். சில ஆண்டுகளுள் உதகையில் ‘கல் பங்களா’ என்னும் இல்லத்தை எழுப்பினார். அவ்வூரின் முதல் ஐரோப்பிய மனை அதுவே. பின்வந்த ஐரோப்பியர் பலரும் குளிர்ந்த காற்றையும் உடல்நலத்தையும் நாடி வந்தோரே.

மலைவாழ் சிறார்க்குக் கல்வி நாடியவருள் முற்பட்டவர் காஸமேஜர் என்பார். உயர்பதவியினின்று ஓய்வுபெற்ற இவர் கேத்தியில் தங்கிப் படகர் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கினார். 1849-இல் இவர் இறந்தபின் இவர்தம் பொருளிற் பெரும்பகுதி பாசல் மிஷனைச் சேர்ந்தது. அம்மிஷனார் கன்னடத்திற் கற்பித்தனர். படகமொழி அதற்கு நெருங்கியதாகலின். அவர்தம் கேத்தி நிலையமோ முன்னர் அரசாங்கப் பண்ணையாயிருந்து, பின்னர் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபு உறைந்த இடமாகும்.

1857-இல் லக்னோ முற்றுகையில் மாண்ட சர் ஹென்றி லாரன்ஸின் பெயரால், ஐரோப்பியப் போர்வீரரின் மக்களையும் அநாதைகளையும் பேண, 1858-இல் உதகையில் ஓர் ஆதரவில்லம் தொடங்கப்பெற்றது. பின்னர் லவ்டேல் குன்றின்மீது அதற்குப் பெருமனை எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தை வகுத்த இராபர்ட் சிசோமே இதனையும் வகுத்தார். குன்னூருக்குப் புகைவண்டி வந்தது 1899-இல். உதகைக்கு வந்தது 1908-இல். ஆகவே, சமவெளியினின்று இம்மனைக்கு வந்த பொருள் யாவும் மலைப்பாதை வழியே வந்திருத்தல் வேண்டும்.

1871-ஐ ஒட்டிச் சென்னை இராணுவ ஆண் அநாதைச்சாலை இதனோடு இணைந்தது. அச்சாலைக்கு 1789 முதல் தலைமை பூண்ட ஆண்ட்ரு பெல் என்பவரே, நம் நாட்டுச் சிறார் மணலில் எழுதுதல் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தியவர். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்து இங்கிலாந்திற் பரப்பினார். அது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்றது. நம் திண்ணை மணலிற் பயின்ற அக்கல்வி மலைமீது மாளிகை பெற்றது. அம்மாளிகையோ நம் சிறார்க்கென அமைந்ததன்று.

நீலகிரியின் முதற் கமிஷனர் பிரீக்ஸ் 1872-இல் இறக்க, அவர் நினைவாகப் பொதுமக்கள் ஈந்த பொருளால் உதகையில் வேறொரு பள்ளியும் எழுந்தது.

1949-இல் லவ்டேல் பள்ளி இந்திய அரசின் கல்வி அமைச்சின்கீழ் வந்தது. அனைத்துச் சமூகத்தார்க்கும் அதன் வாயில் திறந்தது. ஆயினும், கட்டணம் என்னும் மற்றொரு வாயில் இன்றும் அங்குண்டு. எளியோர் அதனைக் கடத்தல் அரிது. 1955-இல் கல் பங்களா வளாகத்தில் அரசினர் கலைக்கல்லூரி தோன்றிற்று. முதல் ஐரோப்பிய மனை நின்ற இடத்தில் இன்று மலையூர்ச் சிறார் பட்டம் பெறுகின்றனர்.

கோபுரத்தின் உயரம் கண்டு வியத்தல் எளிது. அதன் வாயில் யாவர்க்குத் திறந்தது, எப்போது திறந்தது என்று வினாவுதலே வரலாறு கற்பார் கடன். நம் கல்லூரித் தூண்களினூடே நாள்தோறும் நடக்கும் நாமும், நமக்குப்பின் வாராதிருப்பவர் யாவர் என எண்ணிப் பார்ப்போமாக.