மெலிவில் எழும் கனம்

இசைக்குரிய ஓசை நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். மந்தரம், மத்திமம், தாரம் என வடமொழியாளர் வழங்குவனவும் இவையே. மெலிவு என்பது தாழ்ந்த ஓசை. இன்றோ, நம் இளைஞர் விரும்பிக் கேட்கும் மின்னணு இசையில் நெஞ்சுக்கூட்டையும் சாளரக் கண்ணாடியையும் அதிரச் செய்யும் 'பேஸ்' என்னும் ஒலி, அந்த மெலிவு நிலையிலேயே பிறக்கின்றது. மெலிவென்று பெயர் பெற்ற ஓசைக்கு இத்துணைக் கனம் வந்த வழி யாது? ஒலிபெருக்கியை முடுக்கியதால் வந்தது என்பர் பலர். அஃது உண்மையன்று. கனம் வேறு, உரப்பு வேறு. கணிப்பொறி மென்பொருளால் இவ்வொலியை ஆக்கும் முறையைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கலை நமக்கு முற்றும் அயலானதன்று. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடரின் துணையோடு, மூக் சிந்தசைசர் கொண்ட மின்னணு இசைக்கூடம் ஒன்று அமைந்தது. 1982-இல் பம்பாயில், இந்தித் திரையிசைக் குழுக்களில் பேஸ் கித்தார் வாசித்து வந்த சரண்ஜித் சிங் என்பார், பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவர் கையாண்டவை ரோலண்டு நிறுவனத்தாரின் டிபி-303, டிஆர்-808, ஜூப்பிட்டர்-8 என்னும் கருவிகள். அக்காலத்தே அத்தட்டினைப் பொருட்படுத்தியவர் சிலரே. 2010-இல் அது மறுபதிப்பாக வந்தபோது மேனாட்டார் வியந்தனர். என்னை? சிகாகோவில் 1987-இல் வெளிவந்த 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் இசையால் புகழ்பெற்ற பாணியின் சாயல், ஐந்தாண்டு முன்னரே பம்பாயில் பதிவாகியிருந்தது. டிபி-303 கருவி பேஸ் கித்தாருக்கு மாற்றாக ஆக்கப்பட்டது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. இராகத்தின் இழைவுக்கு அஃது இயைந்ததில் வியப்பில்லை. இன்று இத்தகைய கருவிகளின் வேலையையெல்லாம் மென்பொருளே செய்கின்றது. நொடிக்கு 44,100 எண்களைக் கணக்கிட்டு அது ஒலியை வனைகின்றது. சர்ஜ் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

இனி, செவியின் இயல்பை நோக்குவோம். நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையிலான ஒலிகளை மனிதச் செவி உணரும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவில் உணர்வதில்லை. பிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933-இல் இதனை அளந்து காட்டினர். தாழ்ந்த ஒலிக்குச் செவி மந்தமானது. 1,000 அதிர்வுள்ள ஒலி தெளிவாகக் கேட்கும் ஆற்றலிலேயே 50 அதிர்வுள்ள ஒலியை எழுப்பின், அது கேளாமலே போதலும் கூடும். ஆகவே, தூய தாழ்ந்த ஒலியை மட்டும் மேலும் மேலும் பெருக்குவோன் மின்னாற்றலைச் செலவிடுவானேயன்றிக் கனத்தைப் பெறான்.

கனத்தைத் தருவன மேற்சுரங்கள். 55 அதிர்வுள்ள அடிப்படைச் சுரத்தோடு 110, 165, 220, 275 என அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கும்போது, செவி அவற்றைத் தனித்தனியே எண்ணாமல் ஒரே பருத்த ஒலியாகக் கொள்கின்றது. இன்னும் ஒரு விந்தை: கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி 55-ஐ எழுப்ப வல்லதன்று. எனினும் 165, 220, 275 என்பன ஒலித்தால், அவற்றின் இடைவெளியைக் கொண்டு, இல்லாத 55-ஐ நம் மூளை தானே நிரப்பிக்கொள்கின்றது.

இவ்வுண்மையை நம் மிருதங்கம் செய்வோர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். வெறுந்தோலின் மேற்சுரங்கள் ஒழுங்கான மடங்குகளாக அமைவதில்லை. வலந்தலையின் நடுவே அப்பும் கருஞ்சாந்து அவற்றை ஒழுங்குபடுத்துகின்றது. சர் சி. வி. இராமன், சிவகாளி குமார் என்பாரோடு இணைந்து 1920-இல் இதனை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். 1934-இல் மேலும் விரித்தெழுதினார். இடந்தலையாகிய தொப்பியில் கச்சேரிக்கு முன் பிசைந்த ரவையை அப்புவதும் ஒலியைத் தாழ்த்திக் கனப்படுத்தவே. மென்பொருளாளன் திரையில் செய்வதும் இத்தகைய வேலையே. அதனை ஐந்து படிகளாகக் கூறலாம்.

முதலாவது, மூல அலை. சைன் அலைக்கு மேற்சுரம் இல்லை. சதுர அலைக்கு ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் உண்டு. வாள்பல் அலைக்கு எல்லாம் உண்டு. ஆகவே அடித்தளத்துக்குச் சைன் அலையையும், மேற்பகுதிக்கு வாள்பல் அலையையும் கொள்வது மரபு.

இரண்டாவது, வடிகட்டி. வாள்பல் அலையின் கூர்மையை வடிகட்டி தணிக்கும். சுரம் தொடங்கும்போது அதனைத் திறந்து, ஐந்தில் ஒரு நொடிக்குள் மூடினால், விரல் மோதியது போன்ற எடுப்பு தோன்றும். எடுப்பில்லாத அடியொலி சேற்றில் நடப்பது போலாம்.

மூன்றாவது, விம்மல். 55, 55.5 என்னும் அதிர்வெண்ணுள்ள இரண்டு அலைகளைச் சேர்த்தால் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி எழுந்து தாழும். மேற்பகுதியில் இஃது அகலத்தையும் உயிர்ப்பையும் தரும். அடித்தளத்திலோ, ஒலியை இடையிடையே மறையச் செய்து கனத்தைக் கெடுக்கும். எனவே அடித்தளத்தில் ஓரலையே நிற்றல் வேண்டும். இரண்டு ஒலிபெருக்கியிலும் அது ஒன்றுபோலவே ஒலித்தல் வேண்டும்.

நான்காவது, சிதைப்பு. அலையின் முகடுகளைச் சிறிது நசுக்கினால் புதிய மேற்சுரங்கள் பிறக்கும். உப்பைப் போல அளவறிந்து இடத்தக்கது இது.

ஐந்தாவது, ஒதுங்குதல். பெருமுழவும் அடியொலியும் ஒரே அதிர்வெண் வெளியில் வாழ்வன. ஒற்றையடிப் பாதையில் எதிரெதிர் வரும் இருவருள் ஒருவர் ஒதுங்குமாறு போல, முழவு விழும் கணத்தில் அடியொலி தணிந்து மீள வேண்டும். கனத்த பாட்டில் நாம் உணரும் அசைவு பெரும்பாலும் இத்தணிவால் வருவதே.

இவற்றின்மேல் எழுவதே 'குரோல்' என்று இளைஞர் கூறும் ஒலி. ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையின் அதிர்வெண்ணை விரைந்து அசைக்கும் முறையை ஜான் சௌனிங் என்பார் 1967-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார். யமஹா டிஎக்ஸ்-7 கருவி 1983-இல் அதனை உலகெங்கும் பரப்பியது. அவ்வசைவின் அளவை மாற்றிக்கொண்டே சென்றால் ஒலி உறுமும். ஜொகூர்த் தோட்டப்புறத் திருவிழாக்களில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்க்கு இஃது எளிதில் விளங்கும். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அக்கரகரத்த இழைவும், இந்தக் குரோலும் செவிக்கு உறவினவே. 'உறுமல்' என்று மொழிபெயர்த்தால் சொல்லும் பொருளும் ஒருங்கே அமைகின்றன.

இவற்றையெல்லாம் தமிழாசிரியர் அறிவதனால் ஆவதென்ன எனின், பயன் இரண்டு உண்டு. அதிர்வெண், மேற்சுரம், அனுநாதம், விம்மல் என்பன அறிவியல் நூல்களில் வழங்கும் தமிழ்ச் சொற்கள். மாணவன் தான் விரும்பும் இசையிலேயே அவை உயிரோடு இயங்கக் கண்டால், அவற்றைத் தேர்வுக்கென மனப்பாடம் செய்து மறவான். இரண்டாவது, அவன் செவி. வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின், பெரியோர்க்கு 80 டெசிபலும் சிறுவர்க்கு 75 டெசிபலும் எல்லை என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 'ஒலியைக் குறை' என்னும் கட்டளையை இளையோர் கேளார். கனம் மேற்சுரத்தின் ஒழுங்கிலும் முழவுக்கு இடம் விடுவதிலும் இருக்கின்றது என்று செய்து காட்டினால், ஒலியளவுக் குமிழை விட்டு வடிகட்டியின் குமிழைத் தொட அவர்களே கற்றுக்கொள்வர். கற்றபின், மெலிவு என்று முன்னோர் இட்ட பெயரும் அவர்களுக்குப் புதிதாகப் பொருள்படும்.