தலைப்பிரசவம்: தந்தையின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

 



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். திருமணமாகி இரண்டாண்டுகள்கூட நிறையாதவர். முகமெல்லாம் மகிழ்ச்சி. கையில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் மூன்று பெயர்கள். "ஹஜ்ரத், பையன் பிறந்திருக்கான். இதுல எந்தப் பேரு நல்ல பேரு? ஏழாம் நாள் அகீகாவுக்கு ரெண்டு ஆட்டுக்குச் சொல்லியாச்சு. முந்நூறு பேருக்குச் சாப்பாடு" என்றார். பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, தாயும் பிள்ளையும் நலமா என்று கேட்டேன். "அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க ஹஜ்ரத். ஆபரேஷன்தான்." செலவு என்னவாயிற்று? "70,000 ரூபாய்." யார் கட்டியது? இந்தக் கேள்விக்கு அவர் குரல் தாழ்ந்தது. "மாமாதான் கட்டினாங்க. தலைப்பிரசவம் அவங்கதானே பாக்கணும்?"

அந்த மாமாவை நான் அறிவேன். தையற்கடையில் கூலிக்குத் தைப்பவர். திருமணத்தின்போது மகளுக்குப் போட்ட வளையல்களையே திரும்ப வாங்கி அடகு வைத்துத்தான் மருத்துவமனைப் பணத்தைக் கட்டியிருக்கிறார் என்பது பின்னர் தெரிந்தது. விருந்துக்குப் பணம் வைத்திருந்த மருமகனுக்கு, மனைவியின் பிரசவத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர் கெட்டவர் அல்லர், ஐவேளைத் தொழுகையாளி. ஊர் வழக்கம் அவருக்கு அப்படிக் கற்றுக் கொடுத்திருந்தது. ஆகவேதான் இதனைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

பிள்ளை யாருக்காகப் பிறந்தது?

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டும் சட்டங்களைக் கூறும் நீண்ட வசனம். பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் மீது அல்லாஹ் கடமையாக்கும் அந்த இடத்தில், தந்தை என்பதற்குரிய வழக்கமான சொல் வரவில்லை. 'அல்மவ்லூது லஹு' என்ற சொல் வருகிறது. 'எவருக்காகக் குழந்தை பெற்றெடுக்கப்பட்டதோ அவர்' என்பது அதன் பொருள். பெற்றவள் அவள், பெற்றது அவருக்காக, எனவே செலவு அவர் மீது. இந்த ஒரு சொல்லிலேயே காரணமும் சட்டமும் சேர்ந்து நிற்பதை தஃப்ஸீர் ஆசிரியர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர்.

அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தலாக் விடப்பட்ட பெண்ணாக இருந்தாலும், அவள் கர்ப்பிணியாக இருந்தால் பிரசவிக்கும் வரை அவளுக்குச் செலவு செய்ய வேண்டும் என்பது அதன் கட்டளை. உறவு முறிந்த பெண்ணுக்கே இந்த உரிமை என்றால், உறவோடு வாழும் மனைவியின் நிலை என்ன?

மதரஸாவில் ஓதிய யாரேனும் இங்கே ஓர் ஐயத்தைக் கிளப்பக்கூடும். மருத்துவர் கூலியும் மருந்து விலையும் கணவன் மீது கடமையான நஃபகாவில் சேராது என்று ஷாஃபிஈ மத்ஹபின் பழைய நூல்களில் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், இருக்கிறது. நோய் அபூர்வமாகவும், மருத்துவம் வீட்டுக் கைவைத்தியமாகவும் இருந்த காலத்தின் வழக்கத்தை வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. இக்காலத்தில் மருத்துவம் உணவைப் போன்றே இன்றியமையாததாகிவிட்டதால் அதுவும் கணவனின் பொறுப்பே என்று டாக்டர் வஹ்பா அஸ்ஸுஹைலீ போன்ற அண்மைக்கால அறிஞர்கள் விளக்கியுள்ளனர். மருத்துவச்சியின் கூலி யார் மீது என்று ஹனஃபீ நூல்களிலும் ஒரு விவாதம் உண்டு. அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அதனை ஆராய்ந்து, மருத்துவச்சியின் உதவியால் பெரும் பயன் அடைவது குழந்தை. குழந்தையின் செலவு தந்தையுடையது. ஆகவே அந்தக் கூலியும் தந்தை மீதே என்ற கருத்தைத் தேர்வு செய்கிறார்கள். எந்த நூலைப் புரட்டினாலும், மனைவியின் தகப்பனார் கட்ட வேண்டும் என்று ஒரு வரியும் கிடைக்காது.

பெண் தாய்வீட்டுக்குச் சென்று பிரசவிப்பதையே தவறு என்று நான் கூறவில்லை. தலைப்பிள்ளையைச் சுமக்கும் இளம்பெண்ணுக்குத் தன் தாயின் மடியைப் போல் ஆறுதல் வேறில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமகனே பெண்வீட்டில் வந்து வாழ்வது வழக்கமாக இருப்பதால் அங்கே போக்குவரத்தும் இல்லை. தாய்வீடு போவது வேறு. தாய்வீட்டின் தலையில் கட்டுவது வேறு. ஏழாம் மாத விருந்து, பிள்ளைக்குத் தங்கம், தொட்டில், நாற்பதாம் நாள் சீர் என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பெண்ணைப் பெற்றவர்களைக் காத்திருக்க வைப்பது, வரதட்சணையின் இரண்டாம் தவணையே அன்றி வேறென்ன?

சுமக்கும் மாதங்கள்

லுக்மான் அத்தியாயத்தின் 14ஆம் வசனம் கர்ப்பத்தைப் பலவீனத்துக்கு மேல் பலவீனம் என்று வர்ணிக்கிறது. சோற்றின் வாசனை பட்டாலே குமட்டுகிறது, முதுகு வலிக்கிறது, காரணமின்றி அழுகை வருகிறது. கணவனோ, "எங்க அம்மா அஞ்சு பெத்தாங்க, இப்படியா படுத்துக் கிடந்தாங்க?" என்கிறார். அவருடைய அம்மா எப்படிக் கிடந்தார்கள் என்பதை அவர் எங்கே பார்த்தார்?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) கேட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். புகாரீயில் வரும் செய்தி இது. கர்ப்பிணி மனைவி இருக்கும் வீட்டில் கணவன் ஒரு குடம் தண்ணீர் தூக்கி வைத்தால் அவன் கௌரவம் குறைந்துவிடும் என்று எண்ணுவோர் இந்த ஹதீஸை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். மருத்துவப் பரிசோதனைக்கு மாமியாரையும் நாத்தனாரையும் அனுப்பிவிட்டு ஒதுங்கிக் கொள்ளாமல், கணவன் உடன் செல்ல வேண்டும். வளைகுடா நாடுகளில் இருப்பவர்களால் அது முடியாது. ஆனால் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர், மருத்துவர் என்ன சொன்னார் என்று அன்று மாலையே கைபேசியில் கேட்க முடியுமே!

ரமளான் குறுக்கிட்டால் சட்டம் தெளிவானது. கர்ப்பிணியும் பாலூட்டுபவளும் தமக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சினால் நோன்பை விடலாம். பின்னர் களாச் செய்ய வேண்டும். பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால், ஷாஃபிஈ மத்ஹபின்படி களாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் ஃபித்யாவும் உண்டு; ஹனஃபீ மத்ஹபில் களா மட்டும் போதும். நம் வீடுகளில் பல பெண்கள் அல்லாஹ் தந்த சலுகையை, மாமியாரின் பார்வைக்கு அஞ்சி விட்டுவிடுகிறார்கள். அந்தப் பார்வையைத் தடுக்க வேண்டியவர் கணவர்தாம்.

வலியின் இரவு

பிரசவ வலியின் கடுமையை அல்லாஹ் ஒரு தூய பெண்ணின் வாயிலாகவே நமக்குக் காட்டுகின்றான். மர்யம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்கு அந்த வலி கொண்டுவந்தது. இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கூறினார்கள். அவ்வாறு கூறியதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் ஓடும் நீரும், உலுக்கினால் உதிரும் கனிந்த பழமும்தான் கிடைத்தன (19:23-26). முதலில் ஆறுதல், பிறகு உண்ணவும் பருகவும். வலியில் கத்தும் பெண்ணிடம், "பொறுத்துக்க, உலகத்துல நீ மட்டுமா பெக்குறே?" என்று அதட்டுகிறவர்கள் இந்த வசனங்களைப் பார்க்க வேண்டும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவுக்கு வெளியே சென்றபோது ஒரு கூடாரத்தைக் கண்டார்கள். வாசலில் ஒருவர் செய்வதறியாது அமர்ந்திருந்தார். உள்ளே அவர் மனைவி வலியில் முனகிக்கொண்டிருந்தார். துணைக்கு ஒரு பெண்ணும் இல்லை. உடனே வீடு திரும்பிய கலீஃபா, தம் துணைவியார், அலீ (ரலி) அவர்களின் மகளார் உம்மு குல்ஸூம் (ரஹ்) அவர்களை அழைத்துக்கொண்டு, மாவையும் கொழுப்பையும் தாமே சுமந்து வந்தார்கள். துணைவியார் உள்ளே பிரசவம் பார்க்க, கலீஃபா வெளியே தீமூட்டி ஊதிச் சமைத்தார்கள். புகை அவர்களின் தாடியினூடே வெளியேறியது. ஆண் குழந்தை பிறந்த நற்செய்தியை உங்கள் தோழரிடம் சொல்லுங்கள், அமீருல் முஃமினீன் அவர்களே என்று உள்ளிருந்து குரல் வந்தபோதுதான், அடுப்பூதிக்கொண்டிருப்பவர் யார் என்பதே அந்த மனிதருக்குத் தெரிந்தது. இதனை இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் தம் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார்கள். யாரோ ஒரு வழிப்போக்கரின் மனைவிக்காக ஒரு பேரரசின் தலைவர் நள்ளிரவில் செய்தது இது.

பிறந்த பின்

குழந்தை பிறந்ததும் வலக்காதில் பாங்கு கூறுவது நம் மத்ஹபுகளில் சுன்னத்தான நடைமுறை. அதனைத் தந்தையே கூறலாம். இமாம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தஹ்னீக் என்பது பேரீச்சம்பழத்தை மென்மையாக்கிக் குழந்தையின் மேலண்ணத்தில் தடவுவது. அபூமூஸா (ரலி) அவர்களின் மகனுக்கு நபி (ஸல்) அவர்கள் அவ்வாறு செய்து, இப்ராஹீம் என்று பெயரும் சூட்டினார்கள். இது சுன்னத்தே தவிர ஃபர்ளு அல்ல. குறைமாதக் குழந்தைக்கு வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் விட்டுவிட வேண்டும். தேன் தடவுவதை மருத்துவர்கள் ஒரு வயது வரை முற்றாகத் தடுக்கிறார்கள். கொடிய நச்சுக் கிருமி அதில் இருக்க வாய்ப்புண்டு. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் பழக்கத்துக்கோ மார்க்கத்திலும் இடமில்லை, மருத்துவத்திலும் இடமில்லை. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

பெண் குழந்தை என்றதும் முகம் கறுப்பது அறியாமைக் காலத்தவரின் அடையாளமாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் கூறப்படுகிறது. பிள்ளைச் செல்வத்தைப் பற்றிக் கூறும் 42:49இல் அல்லாஹ் பெண்மக்களைத்தான் முதலில் குறிப்பிடுகின்றான் என்பதை மட்டும் நினைவூட்டி இதனைக் கடந்து செல்கிறேன்.

நிஃபாஸ் விஷயத்தில் ஒரு தவறு பரவலாக உள்ளது. நாற்பது நாள் முடியும் வரை தொழக் கூடாது என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். ஹனஃபீயில் நாற்பது நாளும், ஷாஃபிஈயில் அறுபது நாளும் உச்ச வரம்புகளே. உதிரம் பதினைந்தாம் நாளில் நின்றுவிட்டால் அன்றே குளித்துத் தொழுவது கடமையாகிவிடும். அதேபோல், அந்த நாட்களில் அவள் தொட்ட பாத்திரத்தை ஒதுக்குவதும் தனி மூலையில் அமர்த்துவதும் மார்க்கம் அறியாத தீட்டுக் கொள்கை.

இன்னொன்றைச் சற்று அழுத்தியே கூற வேண்டும். பிள்ளை பெற்ற சில நாட்களில் பல பெண்களுக்குக் காரணமறியாத அழுகையும் சோர்வும் வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். தணியாமல் நீடித்தாலோ, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போல் இருக்கிறது என்று அவள் சொன்னாலோ, அது மருத்துவம் தேவைப்படும் நோய். 'காத்து கருப்பு அண்டிடுச்சு' என்று தாயத்துக்கு அழைத்து வருகிறார்கள். என்னிடமும் அழைத்து வந்திருக்கிறார்கள். நான் ஓதி ஊதுவேன். ஊதிவிட்டு, இங்கிருந்து நேரே மருத்துவரிடம் போங்கள் என்றும் சொல்லுவேன். 2022 முதல் அரசின் டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது. மர்யம் (அலை) அவர்களுக்கே மரண விருப்பம் தோன்றிய வேளை அது. ஈமான் குறைந்தவள் என்று அந்தப் பெண்ணை யாரும் ஏசிவிட வேண்டாம்.

இரவில் அழும் குழந்தையை யார் தூக்குவது? நபி (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழ நாடி நிற்பார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தையின் அழுகை கேட்டால், அதன் தாய் தவித்துப் போவாளே என்று தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியும் தொழுதிருக்கிறார்கள். அல்லாஹ்வின் முன் நின்ற தொழுகையே ஒரு தாயின் தவிப்புக்காகச் சுருங்கியது. நம் தூக்கம் சுருங்கக் கூடாதா?

பால் மறக்கடிக்கும் முடிவையும் குர்ஆன் ஒருவர் கையில் விடவில்லை. இருவரும் கலந்து பேசி, இருவரும் மனமொப்ப முடிவெடுத்தால் இரண்டாண்டுக்கு முன் நிறுத்துவதில் குற்றமில்லை என்று அதே 2:233 கூறுகிறது. ஒரு குழந்தையின் பாலைப் பற்றிக்கூடக் கணவனும் மனைவியும் ஆலோசிக்க வேண்டும்! உமர் (ரலி) அவர்கள் முதலில் பால்குடி மறந்த குழந்தைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கினார்கள். ஓரிரவு ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தபோது, அந்தத் தொகைக்காகவே தாய் அதனை முன்கூட்டிப் பால் மறக்கடிக்க முயல்வது தெரிந்தது. அன்றைய ஃபஜ்ரு தொழுகையில் அவர்களின் அழுகையால் கிராஅத் விளங்கவில்லை என்று இப்னு ஸஅத் (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தது முதலே தொகை உண்டு என்று அப்போதே சட்டம் மாற்றப்பட்டது.

மீண்டும் அந்த இளைஞரிடம் வருகிறேன். மூன்று பெயர்களில் ஒன்றைத் தேர்ந்து கொடுத்துவிட்டு இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். அகீகா வலியுறுத்தப்பட்ட சுன்னத், ஆனால் கடமையல்ல, ஏழாம் நாள் இயலாவிட்டால் பிள்ளை பருவமடையும் வரை தந்தைக்கு அவகாசம் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அதையும் சொன்னேன். "அப்ப ஆட்டுக்குக் கொடுத்த முன்பணம்?" என்றார். ஆட்டுக்காரரிடம் நானே பேசுவதாகக் கூறினேன், பேசினேன்.

ஏழாம் நாள் பெயர் வைக்கப்பட்டது, தலைமுடி இறக்கப்பட்டது. விருந்து இல்லை. வைத்திருந்த பணத்தை அவர் மாமாவிடம் கொடுத்தபோது, "நீங்க எனக்குக் கடன்காரரா தம்பி?" என்று முதலில் வாங்க மறுத்துவிட்டாராம். வற்புறுத்திக் கொடுத்து, வளையல்களில் இரண்டு மீண்டிருக்கின்றன. மீதியை மாதாமாதம் கட்டி வருகிறார். அகீகா இன்னும் நிறைவேறவில்லை.