பட்டமேற்றி மீன் பிடித்தல்

பட்டம் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன தைமாதத்து வானமும், வாடைக்காற்றும், இரவு முழுவதும் ஒலிக்கும் விண்ணுமே. கொக்கு, பிராந்து, எட்டுமூலை, படலம் எனப் பலவகைப் பட்டங்களைக் கட்டி, முச்சை பார்த்து, வால் அளந்து ஏற்றும் வித்தையில் யாழ்ப்பாணத்தார் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆயினும் நமக்குப் பட்டம் ஒரு விளையாட்டு. கண்ணுக்கும் செவிக்கும் விருந்தளிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகின்றது. நியூசிலாந்து நாட்டின் கடற்கரைகளிலோ பட்டம் ஒரு மீன்பிடி கருவி. தோணியுமின்றி வலையுமின்றி, மணலில் நின்றபடியே, ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கடலிலே தூண்டிலை இட்டு, மீனோடு மீளப் பெறுகின்றனர் அந்நாட்டினர். அது நடைபெறும் வகையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். புலால் உண்ணாத அன்பர்கள் மீனை விடுத்து, காற்றின் பொருட்டு இதனைப் படிப்பாராக.

நியூசிலாந்தின் வடக்குத் தீவிலே, வடமேற்குக் கரையோரமாக நீண்டு கிடக்கின்றது ‘தொண்ணூறு மைல் கடற்கரை’. மாவோரி மக்கள் அதனைத் தே ஓனேரோவா ஆ தோஹே என வழங்குவர். பெயரிலே தொண்ணூறு மைல் இருப்பினும் அதன் உண்மை நீளம் 55 மைல், அஃதாவது 88 கிலோமீற்றர் அளவே. பெயரிட்டவரின் கணக்கைப் பற்றி யாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. அக்கரை தாஸ்மன் கடலை நோக்கியது. கடல் பரந்தது, திரை பெரியது. கரைக்கு அண்மையில் மணற்றிட்டுகள் வரிசை வரிசையாகக் கிடக்க, அவற்றின்மீது அலைகள் அடுத்தடுத்து உடைந்தவண்ணம் இருக்கும். சிறு தோணியை அங்கே இறக்குதல் உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். கோலும் தூண்டிலும் கொண்டு கரையில் நின்று எறிபவர், வல்லவராயினும், நூறு மீற்றருக்குச் சற்று அப்பால் எறிவதே பெரிது. நல்ல மீன்கள் பலகால் அலை உடையும் எல்லைக்கு அப்பாலே திரிகின்றன. அந்த இடைவெளியைக் கடத்தற்கே பட்டம் வேண்டப்படுகின்றது.

பட்டம் எத்திசையிற் போகும்? காற்று போகும் திசையிலேயே போகும். எனவே தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று இல்லையேல் இத்தொழில் இல்லை. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்றிலே பட்டம் வெகு அழகாக ஏறும். ஆனால் தூண்டிலைப் புல்வெளிக்கன்றோ கொண்டுசெல்லும்! தொண்ணூறு மைல் கடற்கரையிலே மேற்குக்காற்றே மிகுதியாக வீசுவது. அது கடற்பக்கமிருந்து வருவது. ஆகவே அங்குள்ளார் கீழ்க்காற்றை எதிர்பார்த்து நாட்கணக்கிற் காத்திருப்பர். தீவின் கீழ்க்கரையினர்க்கோ அதே மேற்குக்காற்று தரைக்காற்றாய் வாய்க்கின்றது. ஒருவர்க்குத் தடையாயது மற்றவர்க்குத் துணையாகின்றது. பெருங்காற்று அடங்கியிருக்கும் நாட்களில் விடியற்காலையே உகந்தது. இரவிலே தரை கடலினும் விரைந்து குளிர்வதால், குளிர்ந்து கனத்த காற்று தரையிலிருந்து கடல்நோக்கி மெல்ல நகரும். வெயில் ஏறியதும் தரை சூடாக, காற்றுத் திரும்பிவிடும். அதற்கு முன் தொழிலை முடித்தல் வேண்டும்.

இனிப் பட்டத்தின் இழுவையை நோக்குவோம். கல்லூரியிலே விசையிணைகரம் வரைந்து கணக்குச் செய்த பழைய மாணவர்க்கு இஃது எளிதில் விளங்கும். சாய்ந்து நிற்கும் நூலின் இழுவையை இரண்டாகப் பகுக்கலாம்: ஒன்று மேல்நோக்கித் தூக்குவது, மற்றொன்று கடல்நோக்கிக் கிடையாக இழுப்பது. நம்மூரிலே தலைக்கு நேரே நிமிர்ந்து நிற்கும் பட்டமே மெச்சப்படுவது. மீன்பிடிப்பவனுக்கு அத்தகைய பட்டம் ஆகாது. அது தூக்குமேயன்றி இழுக்காது. அவன் வேண்டுவது தாழப் பறந்து வலிதாக இழுக்கும் பட்டம். முச்சையின் முடிச்சைச் சற்றுக் கீழே இறக்கினால், பட்டம் காற்றுக்கு மார்பைக் காட்டி நின்று, உயரத்திற் குறைந்து, இழுவையில் மிகும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் இழுவை நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள பட்டத்தை மணிக்கு 15 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையளவான விசையோடு தள்ளும். வேகம் 30 ஆனால் அவ்விசை 4 கிலோகிராம். 60 ஆனால் 16 கிலோகிராம். பட்டத்தின் வடிவுக்கேற்ப இவை கூடியும் குறைந்தும் வருமெனினும், பெருகும் முறை இதுவே. காலையிற் சாதுவாக நின்ற பட்டம் நண்பகலிற் கையை அறுக்கும் காரணமும் இதுவே. ஆதலால் தேர்ந்தவர் பட்டம் ஒன்றோடு அமையார். மென்காற்றுக்குப் பெரியதும் கடுங்காற்றுக்குச் சிறியதுமாக இரண்டு மூன்று வைத்திருப்பர்.

பட்டம் கட்டும் பொருளில் ஆடம்பரம் வேண்டியதில்லை. குப்பை கட்டும் கரிய பொலித்தீன் பையை வெட்டி, மெல்லிய குச்சிகளை வைத்து ஒட்டிய பட்டங்களும் அங்கே நன்கு பயன்பட்டுள்ளன. கடைகளில் விற்பன நைலோன் துணியாலும் கண்ணாடிநார்க் கம்பிகளாலும் ஆனவை. காகிதப் பட்டம் ஈரம் பட்டதும் கரைந்தொழியும். ஆகவே கடலுக்கு ஆகாது.

கரையிலே ஒரு முளையை மணலில் ஆழ அறைந்து, அதில் பெரிய உருளை ஒன்றைப் பொருத்துவர். அவ்வுருளையில் ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தடித்த தங்கூசி சுற்றப்பட்டிருக்கும், அதுவே தாய்க்கயிறு. பட்டத்தை முதலில் வேறொரு நூலில் ஏற்றி, அது வானில் உறுதியாக நின்றபின் அந்நூலின் அடியைத் தாய்க்கயிற்றின் நுனியோடு பிணைப்பர். பிணைக்கும் இடத்தில் ஈயக்குண்டு ஒன்றும் மிதப்பு ஒன்றும் கட்டப்படும். காலியான பிளாஸ்ரிக் போத்தலே மிதப்பாக உதவும். பின்பு உருளையைத் தளர்த்த, பட்டம் தாய்க்கயிற்றைக் கடலுக்குள் இழுத்துச் செல்லத் தொடங்கும். சிறிது தூரம் சென்றதும் நிறுத்தி, இரை குத்திய தூண்டில்களைக் குறுங்கயிறுகளிற் கட்டி, சில மீற்றருக்கு ஒன்றாகத் தாய்க்கயிற்றிற் கவ்விகளால் மாட்டுவர். ஒன்றை மாட்டுவதும் சிறிது விடுவதுமாக எல்லாவற்றையும் மாட்டியபின் கயிற்றைத் தாராளமாக ஓடவிடுவர்.

இங்கே நுட்பமெல்லாம் ஈயக்குண்டின் நிறையிலேயே உள்ளது. குண்டு இலேசாயின், பட்டம் அதனையும் தூக்கிக்கொண்டு எழ, தூண்டில்கள் நீருக்கு மேலே தொங்கும். கடற்பறவைகள் இரையைக் கவ்வித் தூண்டிலில் மாட்டிக்கொள்ளும். நியூசிலாந்துக் கடல் பறவைகள் மலிந்த கடல். குண்டு கனமாயின், முதல் மணற்றிட்டிலேயே புதைந்து நகர மறுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிறையில், குண்டு அடிமணலில் உராய்ந்தும் தத்தியும் செல்ல, தூண்டில்கள் அதன் பின்னே நீருள் மறைந்து செல்லும். அன்றன்றைய காற்றுக்கேற்ப அந்நிறையைக் கையால் நிதானித்து அறிய வேண்டும். அட்டவணை பார்த்து அறிவதன்று. வேண்டிய தொலைவு சென்றதும் உருளையைப் பூட்டி, அரைமணி நேரமளவு காத்திருந்து, பின் சுற்றி இழுப்பர். இருவர் மாறி மாறிச் சுற்றுவது வழக்கம். ஏனெனில், மீனின் பாரத்தோடு பட்டத்தின் இழுவையும் கடைசிவரை எதிர்த்து நிற்கும்.

அகப்படும் மீன்களுள் முதன்மையானது ஸ்னப்பர். மாவோரியர் அதனைத் தாமுரே என்பர். கஹாவாய் முதலிய வேறு மீன்களும் வருவதுண்டு.

காற்று நடுவில் ஓய்ந்தால் பட்டம் நீரில் விழும். அப்பொழுதுதான் மிதப்பின் அருமை தெரியும். நனைந்து விரிந்து கிடக்கும் பட்டத்தையும் சேர்த்து இழுப்பது கடலின் ஒரு பகுதியையே இழுப்பது போன்றிருக்கும். கயிறு அறுந்தாலோ கேடு பெரிது. பட்டமும் கயிறும் இரையிட்ட தூண்டில்கள் அத்தனையும் ஆளின்றி ஆழ்கடலுக்குப் போய், பறவையையும் மீனையும் வீணே கொல்லும். எனவே பழைய கயிற்றைக் கொண்டு கடுங்காற்றிற் பட்டமேற்றுபவனை அங்குள்ள விவேகிகள் மதிப்பதில்லை.

பட்டத்தால் மீன்பிடிக்கும் எண்ணம் புதியதன்று. மேலைப் பசிபிக்கிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் அது தொன்றுதொட்டு வழங்கியது. ஒக்ஸ்போட்டிலுள்ள பிற் ரிவர்ஸ் நூதனசாலையின் பொறுப்பாளராயிருந்த ஹென்றி பல்போர், அத்தீவுகளின் பட்டங்களைப்பற்றி 1913 இல் ஒரு கட்டுரை எழுதினார். சொலமன் தீவினர் பனையினத்து மரமொன்றின் இலையைத் தைத்துப் பட்டமாக்கித் தோணியிலிருந்து ஏற்றுவர். அதிலிருந்து தொங்கும் நூலின் முனையிலே தூண்டில் இராது. பெருஞ்சிலந்தியின் வலையைத் திரட்டி முறுக்கிய ஒரு குஞ்சமே இருக்கும். தோணி விரைய, பட்டம் அசைய, குஞ்சம் நீர்மேல் துள்ளித் துள்ளிச் செல்லும். அதனைச் சிறுமீன் எனக் கருதிக் கவ்வுவது நாம் நன்கறிந்த முரல் இனத்து மீன். நீண்ட அலகில் நெருங்கியுள்ள அதன் நுண்பற்கள் சிலந்தியிழையிற் சிக்கிக்கொள்ள, மீன் வாயைத் திறக்கமாட்டாது அகப்படும். முரல் நீரின் மேற்பரப்பிலே திரியும் மீன். தோணியின் நிழல் கண்டாலே வெருண்டோடும். அதனைத் தொலைவில் வைத்தே பிடிப்பதற்குப் பட்டம் உதவியது. நியூசிலாந்தார் அடிமணலை நாடிப் பட்டத்தை ஏற்ற, சொலமன் தீவினர் நீரின் மேற்றோலை நாடி ஏற்றினர். எமக்கு, இரண்டனுள் பின்னதே அறிவின் கூர்மை மிக்கதாகத் தோன்றுகின்றது.

நியூசிலாந்துக் கரையிலே பட்டத்துக்குப் போட்டியும் உண்டு. தோர் ஹையர்தால் 1947 இல் பசிபிக்கைக் கடந்த தெப்பத்தின் பெயரையே கொண்ட ‘கொன்-டிக்கி’ என்னும் சிறு கலம் கயிற்றை வெளியே கொண்டுசெல்லும். முன்னே பாய் கட்டிய தெப்பமாயிருந்த அது, பின்னர் மின்கலத்தால் இயங்கும் நெடிய குழலாயிற்று. இவ்விடத்திலேதான் சிந்திக்க வேண்டிய பொருள் ஒன்று உளது. பட்டத்தை நம்பியவன் காற்று மறுத்த நாளெல்லாம் வீட்டிலிருந்தான். அந்நாளெல்லாம் மீனுக்கு விடுமுறை. மின்கலத்துக்குக் கீழ்க்காற்றென்றும் மேற்காற்றென்றும் வேறுபாடில்லை. ஸ்னப்பரோ 60 ஆண்டுவரை வாழவல்ல மீன். இந்த மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலரினும் மூத்த மீன் ஒன்று தூண்டிலில் ஏறிவருதல் கூடும். அத்துணை ஆண்டு வளர்ந்ததை அரைமணியில் அள்ளிவிட்டால் மீண்டும் நிறைவது எளிதன்று. காற்று விதித்த வரையறையை இனிச் சட்டமே விதிக்கவேண்டியதாயிற்று. ஒரு நெடுங்கயிற்றில் 25 தூண்டிலுக்கு மேல் இடலாகாது என்பது அந்நாட்டு விதி. வடக்குத் தீவின் கீழ்க்கரையிலே ஒருவர் ஒருநாளிற் கொள்ளத்தக்க ஸ்னப்பரின் தொகை 2014 இல் 9 இலிருந்து 7 ஆகக் குறைக்கப்பட்டது. மிகக் குறைந்த நீளமும் 27 சதமமீற்றரிலிருந்து 30 ஆக உயர்த்தப்பட்டது.

நம் கரையில் இது பயன்படுமா என்று கேட்பார் இருப்பர். வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கலன்று ஏறும் பட்டங்கள் வாடைக்காற்றால் ஊர்ப்பக்கமே செல்வன; அக்காலத்தில் ஒரு தூண்டிலும் கடலுக்குப் போகாது. சோளகம் வீசும் மாதங்களிலோ காற்றுத் தரையைக் கடந்து வடகடல் நோக்கிச் செல்லும், திசை பொருந்தும். ஆனால் அக்காலமே அக்கரையிற் கடல் அடங்கிக் கிடப்பது. வள்ளம் இறக்குவார்க்குத் தடையொன்றுமில்லை. தாஸ்மன் கடலிலே, உள்ளூரிற் கீழ்க்காற்று வீசும்போதும், தொலைக்கடற் புயலால் எழுந்த பெருந்திரை வந்து கரையை மோதிக்கொண்டேயிருக்கும். பட்டத்துக்கு அங்கே தேவை உண்டாயது அதனால். அன்றியும் வடமராட்சிக் கடலிலே வலைகள் கிடக்கின்றன. காற்று ஓய்ந்து பட்டம் விழ, 25 தூண்டில் கோத்த கயிறொன்று நீரோட்டத்தில் இழுபட்டு ஒருவரின் வலைமேற் படிந்தால், வலையின் கண்களை அறுக்காமல் அத்தூண்டில்களை எடுத்தல் இயலாது. அறுந்த கண்களைப் பொத்துவதற்கு அவ்வலைகாரர் தம் தொழில்நாளையே இழக்க நேரும்.