கொடையும் கல்வியும்: யாழ்ப்பாணத்துத் தனியார் பாடசாலைகளின் நிதிதிரட்டல் பற்றிய சில குறிப்புகள்

யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றினை எழுதப் புகுந்தோரிற் பெரும்பாலார் அதனைக் கொடையாளரின் வரலாறாகவே எழுதியுள்ளனர். இன்ன கட்டடத்தை இன்ன வள்ளல் கட்டுவித்தார், இன்ன காணியை இன்ன பெரியார் தருமசாதனம் செய்தார் என்பதாக அவ்வரலாறு நகரும். நூற்றாண்டு மலர்களும் பரிசளிப்பு விழா அறிக்கைகளும் இதனையே வழிமொழிகின்றன. பாடாண்டிணை நம் காலத்திலே பழைய மாணவர் சங்க மலர்களிற் புதுவாழ்வு பெற்றுள்ளது என்று வேடிக்கையாகக் கூறலாம். கொடை நிகழ்ந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயின், அது பணம் கைமாறும் செயல் மாத்திரமன்று. கொடுப்போனுக்கும் கொள்வோனுக்குமிடையே அது ஓர் அதிகார உறவைத் தோற்றுவிக்கின்றது. அவ்வுறவு எத்தகையது, காலந்தோறும் அது எவ்வாறு மாறிற்று என்பனவே இங்கு நாம் நோக்க விழைபவை.

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் தொடங்கப்பெற்றன. விடுதியில் தங்கிக் கற்ற பிள்ளைகளின் உணவு, உடை, கல்வி ஆகியவற்றுக்கு வேண்டிய பணம் அமெரிக்கத் திருச்சபையினரிடமிருந்து வந்தது. ஆண்டுதோறும் ஒரு தொகையை அனுப்ப முன்வந்த கொடையாளர், தாம் ஆதரிக்கும் பிள்ளைக்குத் தமது பெயரையோ தாம் மதித்த ஒருவரின் பெயரையோ இடச் செய்யலாம் என்பது ஏற்பாடு. நமது இலக்கிய வரலாற்று மாணவர் நன்கறிந்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை ஆகிய பெயர்களின் முற்பகுதி இவ்வாறு வந்தடைந்ததே. எவாட்ஸ் என்பது அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளராக விளங்கிய ஜெரமையா எவாட்ஸின் பெயர். அவர் யாழ்ப்பாண மண்ணை மிதித்தவரல்லர்.

இவ்வழக்கத்தை மதமாற்றத்தின் ஒரு கூறாக மாத்திரம் காண்பது போதாது. இன்று கட்டடத்தின் நெற்றியிற் பொறிக்கப்படும் கொடையாளரின் பெயர் அன்று ஒரு பிள்ளையின்மீது பொறிக்கப்பட்டது என்பதே நாம் கருத்திற் கொள்ள வேண்டியது. கடல் கடந்திருந்த ஒருவருக்குத் தாம் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்பதைக் காட்டும் உயிருள்ள பற்றுச்சீட்டாக அப்பிள்ளை விளங்கிற்று. உடுவிலில் இவ்வுறவு மேலும் ஒரு படி சென்றது. கல்வியை முடித்துக் கிறிஸ்தவரை மணந்த மாணவியருக்கு மிஷன் சீதனமும் வழங்கிற்று. பெண் கல்விக்கு வழிதிறந்த அக்கொடை, சீதனம் என்னும் சமூக வழக்கத்தைத் தகர்க்க முயலாது அதனையே தன் கருவியாக்கிக் கொண்டது.

ஆயினும், கொடுத்தவனின் எண்ணப்படியே கொடை வேலைசெய்யும் என்பதற்கில்லை. நெவின்ஸ் 1850இல் தமிழில் நியாய இலக்கணம் எழுதினார். ஆர்னல்ட் 1886இற் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். கரோல் விசுவநாதபிள்ளையும், அதே செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராய் நின்று, வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்தார். நியூ இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலயமொன்றிற் காணிக்கை இட்ட விவசாயியோ தையற்காரியோ கலித்தொகைப் பதிப்புக்காக அதனை இட்டிருக்க முடியாது.

இம்முரண்பாட்டைக் கொடையாளரின் பிரதிநிதிகளும் உணர்ந்தனர். மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் வருகையை அடுத்து, 1855இற் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி சுவிசேஷகரை உருவாக்காது அரசாங்க உத்தியோகத்தரையே உருவாக்குகின்றது என்பது முக்கியமான குறைபாடாகக் கூறப்பட்டது. முப்பதாண்டுக் காலக் கல்வி நிறுவனமொன்றின் ஆயுள், அதன் மாணவரும் ஆசிரியரும் பங்குகொள்ளாத ஒரு தீர்மானத்தால் முடிவுற்றது. யாழ்ப்பாணக் கல்லூரி அதன் வழித்தோன்றலாக எழுவதற்கு 1870கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மிஷனரிமாரின் நிதிபலத்தை எதிர்கொண்ட ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். அவருக்குப் பின்னே பொஸ்ரன் நகரத்துச் சங்கம் எதுவும் இருக்கவில்லை. உள்ளூர்ச் சைவரின் உதவியையும், தாம் நிறுவிய அச்சுக்கூடத்தையும் நூல் வெளியீட்டையும் அவர் நம்ப வேண்டியிருந்தது. கோயிற் பணம் வாணவேடிக்கையிலும் சதுர்க்கச்சேரியிலும் கரைவதைக் கண்டு அவர் சினந்து எழுதியமைக்கு ஒழுக்கக் காரணம் மாத்திரமன்றிப் பொருளாதாரக் காரணமும் உண்டு என்பது நமது கருத்து. 1872இல் அவர் ஆரம்பித்த சைவ ஆங்கிலப் பாடசாலை பொருள் வசதியின்மையால் நீடிக்கவில்லை. புகையிலை வர்த்தகத்திலும் காணியிலும் உத்தியோகத்திலும் திரண்ட செல்வம் பள்ளிக்கூடத்தை நோக்கித் திரும்புவதற்கு மேலும் சில காலம் வேண்டியிருந்தது. 1888இற் சைவபரிபாலன சபை தோன்றியது. அதன் ஆதரவில் 1890 முதல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றது. அக்கல்லூரியின் அதிபராக நெடுங்காலம் பணிபுரிந்தவர் நெவின்ஸ் செல்வத்துரை. அமெரிக்கக் கொடையாளர் இட்ட பெயர், ஒரு தலைமுறை கழிந்ததும் சைவக் கல்லூரியின் தலைமைக் கதிரையில் அமர்ந்திருந்தது!

நமது கிராமங்களில் வழங்கிய பிடியரிசி முறையை இவ்விடத்திற் குறிப்பிடாது செல்ல முடியாது. உலையிடுமுன் ஒரு பிடி அரிசியைப் புறம்பான பானையில் இட்டுவைத்து, கோயிலுக்கோ மடத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கொடுப்பது அம்முறை. இக்கொடையாளர் பெரும்பாலும் பெண்கள். தமது வீட்டின் நாளாந்த உணவிலிருந்து அவர்கள் கொடுத்தனர். சலவைக்கற்களில் அவர்களின் பெயர் இல்லை. பெருங்கொடையாளர் எனப்படுவோரின் செல்வத்துக்குப் பின்னாலும் பெயரற்ற பலர் உள்ளனர். புகையிலைத் தோட்டத்துக்குத் துலாமிதித்துத் தண்ணீர் இறைத்தவர், பனையேறியவர், கூலிக்கு அறுவடை செய்தவர் ஆகியோரின் உழைப்பே காணியுடையோரின் தருமமாக உருமாறி வந்தது. அவ்வுழைப்பாளருட் பெரும்பகுதியினரின் பிள்ளைகள் அத்தருமத்தால் எழுந்த பாடசாலைகளில் அனுமதி பெற முடியவில்லை. பெற்றபோதும் நிலத்திலே இருத்தப்பட்டனர்.

1929–30இல் எழுந்த சம ஆசனப் பிரச்சினை இதனை வெளிப்படையாக்கியது. உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்த்தப்படல் வேண்டும் என்ற அரசாங்கப் பணிப்பு வந்தபோது, சாதிமான்களிடமிருந்து கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசார் சமத்துவத்துக்காகக் குரல் கொடுத்தனர் என்பது உண்மை. எனினும், கிறிஸ்தவக் கருணையும் சைவத் தருமமும் ஒரு நூற்றாண்டாகச் சாதிக்காத ஒன்றனை, பொதுப்பணத்தோடு இணைந்த ஒரு நிபந்தனையே வற்புறுத்த வேண்டியதாயிற்று. கொடையாளர் தமது சமூக நிலையைக் குலைக்கும் கொடையைச் செய்வது அரிது. செய்வோர் சிலர் எப்பொழுதும் இருந்துள்ளனர். ஆயின் சமூக ஏற்பாடொன்றினைச் சிலரின் நல்லுள்ளத்தின்மீது கட்டியெழுப்ப முடியாது.

இவ்வகையில் நோக்கும்போது 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டத்தின் பொருள் தெளிவாகும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த அத்திட்டம் கல்வியைக் கொடையினின்றும் உரிமையாக மாற்றியது. உரிமை பெற்றவன் எவருக்கும் நன்றியுரை வாசிக்க வேண்டியதில்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசுடைமையாயின. சைவ வித்தியாவிருத்திச் சங்கம் கட்டி வளர்த்த பாடசாலைகளும் அவற்றுள் அடங்கும். சில பெரிய கல்லூரிகள் மாத்திரம் தனியாராக நிற்க விரும்பின. அவை அரச உதவியை இழந்ததோடு கற்பித்தற் கட்டணம் அறவிடவும் இயலாதனவாயின. நன்கொடை அப்பொழுது சிறப்பல்ல, சீவாதாரம். அதிர்ஷ்டலாபச் சீட்டு, களியாட்ட விழா, கலைநிகழ்ச்சி, மலர் விளம்பரம் ஆகியவற்றிலே அதிபர்மாரின் காலம் கழிந்தது. அவ்வாசிரியர்களின் தியாகம் மெய்யானது. அதே வேளை, தமது கல்லூரியைப் பொது அமைப்பிலிருந்து பிரித்துக் காக்க விரும்பிய மத்தியதர வர்க்கத்தின் நலன் அத்தியாகத்தின்மீது தங்கியிருந்ததும் மெய்யே.

பொது அமைப்பு என்று கூறும்போது அரசின் குணாம்சத்தை நாம் மறைத்தலாகாது. 1970களின் தரப்படுத்தல் தமிழ் மாணவரிடையே அரசின்மீதான நம்பிக்கையைத் தகர்த்தது. 1983இன் வன்செயலும் 2009 வரை நீடித்த யுத்தமும் பாடசாலைகளை அகதி முகாம்களாகவும் இடிபாடுகளாகவும் ஆக்கின. கூரையில்லாத வகுப்பறைக்கு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் பணம் வந்தபோது, அதனை வாங்கவேண்டாம் என்று எவரும் கூறியிருக்க முடியாது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலும் பல பிள்ளைகளின் மதிய உணவு இவ்வழியாகவே வந்தது. குளிரில் இரட்டை வேலை செய்து அனுப்பப்பட்ட பணம் அதில் எவ்வளவோ உண்டு. அதனை ஏளனஞ் செய்யும் இடதுசாரித்தனம் நமக்கு உடன்பாடன்று.

பிரச்சினை பணத்தின் வரவிலன்று, அதன் திசையிலும் அதுபற்றிய தீர்மானத்திலும் உள்ளது. எந்தக் கல்லூரி முன்னொரு காலத்திற் பெருந்தொகையான உத்தியோகத்தரையும் மருத்துவரையும் பொறியியலாளரையும் உருவாக்கியதோ, அதுவே இன்று புலம்பெயர்ந்த செல்வத்தையும் பெறுகின்றது. தனியார் கல்லூரிகளுக்கு மாத்திரமன்றி, அரசுடைமையான முன்னணிக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். வன்னியிலே முதற்றலைமுறையினர் கற்கும் சிறு பாடசாலைக்கு வெளிநாட்டிற் கிளைச் சங்கம் இல்லை. மலையகத் தோட்டப் பாடசாலையைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. மேலும், கொடை கண்ணுக்குப் புலனாகும் பொருளையே நாடுகின்றது. மண்டபத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் பெயர்ப்பலகை உண்டு. தொண்டராசிரியரின் மாதாந்தக் கொடுப்பனவுக்கும் மலசலகூடம் துப்புரவாக்குபவரின் சம்பளத்துக்கும் பெயர்ப்பலகை இல்லை. எது தேவை என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரோ அதிற் கற்கும் பிள்ளையோ தீர்மானிப்பதில்லை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பாற் கூடும் நிருவாகக் குழு தீர்மானிக்கின்றது. 1855ஆம் ஆண்டின் சாயலை இதிற் காண்பது மிகையாகாது.

கல்வி வலயந்தோறும் பொது நிதியமொன்று அமைத்து, பெயர்ப்பலகையின்றி, கணக்கினைப் பகிரங்கமாக வெளியிட்டு, ஆசிரியரும் பெற்றோரும் தேவைகளை வரிசைப்படுத்தி, அதன்படி பணத்தைப் பகிர்வது செயற்படுத்தக்கூடிய ஒரு மாற்று வழி. அரசின் பொறுப்பினை அது நீக்கிவிடாது. அப்பொறுப்பு எங்கெங்கே நிறைவேற்றப்படவில்லை என்பதை அக்கணக்கே காட்டும். இத்தகைய யோசனைக்குப் பழைய மாணவரிடமிருந்து எழும் முதல் ஆட்சேபம், நாங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கல்லவா நாங்கள் கொடுக்க வேண்டும் என்பது. தாம் படித்த பள்ளிக்கூடத்தைக் கட்டியது யாருடைய உழைப்பு என்ற கேள்வியை அவர்களோடு நாம் பேசத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.