சூளையின் வெப்பத்தை ஆளும் கருவி

உத்தரப்பிரதேசத்தின் குர்ஜா நகரம் பீங்கான் கலங்களுக்குப் பெயர் பெற்றது. கலம் சுடுவதில் பட்டறிவு மிக்க கைவினைஞர், சூளையின் சிறு துளை வழியே தெரியும் நிறத்தைக் கொண்டே வெப்பத்தை மதிப்பிடுவர். செந்நிறம் ஏறத்தாழ 800 டிகிரி செல்சியசையும், செம்மஞ்சள் நிறம் ஏறத்தாழ 1000 டிகிரியையும் உணர்த்தும். மின்சூளையில் அக்கண்களின் பணியை ஒரு மின்னணுக் கருவி ஏற்கிறது.

கலம் நன்றாக வேக உச்ச வெப்பம் மட்டும் போதாது. வெப்பம் ஏறும் வேகமும் முறையாக இருத்தல் வேண்டும். 100 டிகிரியை நெருங்கும்போது மண்ணில் எஞ்சிய ஈரம் ஆவியாகிறது. விரைந்து சூடேற்றினால் ஆவி வெளியேற வழியின்றிக் கலம் வெடித்துவிடும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்சுப் படிகங்கள் சட்டென விரிவடைகின்றன. ஆறும்போது அதே நிலையில் சுருங்குகின்றன. ஆகவே, சூடேற்றுவதைப் போலவே ஆற்றுவதற்கும் பொறுமை தேவை. பல நாள் உழைப்பு ஒரே இரவில் விரிசலாவது இக்கட்டத்தில்தான்.

வெப்பத்தை அளப்பது வெப்பமின் இரட்டை. இரு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்துச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கிடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். 1821ஆம் ஆண்டு தாமஸ் சீபெக் கண்டறிந்த விளைவு இது. குரோமல், அலுமல் ஆகிய உலோகக் கலவைகளாலான இரட்டை, 1000 டிகிரியில் தருவது ஏறத்தாழ 41 மில்லிவோல்ட் மட்டுமே. இதைப் பெருக்கியே நுண்கட்டுப்படுத்தி படிக்க இயலும். மேலும், இவ்விரட்டை இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டையே காட்டும். வெளிமுனை 35 டிகிரியில் இருக்க, அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் சூளையின் வெப்பம் அந்த அளவு குறைவாகத் தெரியும். எனவே வெளிமுனைக்கும் தனி உணர்வி ஒன்று பொருத்தப்படுகிறது.

குறித்த வெப்பம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தினால் போதாதா? போதாது. கம்பிச் சுருள்களிலும் செங்கற்களிலும் தேங்கிய வெப்பம் சூளையை மேலும் சூடாக்கும். ஆகவே நுண்கட்டுப்படுத்தி மூன்றைக் கணிக்கிறது: இப்போதைய வேறுபாடு, இதுவரை சேர்ந்த வேறுபாடு, அது மாறும் வேகம். இக்கணக்கின்படி 20 நொடியில் 12 நொடி மட்டும் மின்சாரம் செல்லலாம். இலக்கை நெருங்கும்போது அது 3 நொடியாகக் குறையலாம். இவ்வாறு விட்டுவிட்டு மின்சாரம் செலுத்துவது திடநிலை ரிலே.

இக்கருவியை அமைப்பதில் மிகுந்த கவனம் தேவைப்படுவது, அது பழுதாகும் தருணத்தைப் பற்றியே. வெப்பமின் இரட்டை அறுந்தால், சூளை குளிர்ந்திருப்பதாக எண்ணிக் கருவி இடையறாது மின்சாரம் செலுத்தக்கூடும். ஆதலால் கம்பி அறுந்ததை உணர்ந்ததும் மின்சாரத்தை நிறுத்துமாறு நிரல் எழுதப்படுகிறது. திடநிலை ரிலேயோ, பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். நிரல் ஆணையிட்டாலும் மின்சாரம் நிற்காது. அதற்காகவே தனி வெப்ப வரம்புக் கருவியால் இயங்கும் காண்டாக்டர் ஒன்று மின்பாதையில் இணைக்கப்படுகிறது. 230 வோல்ட் மின்சாரம் செல்லும் இப்பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரே அமைத்தல் வேண்டும். எல்லாம் முடிந்தபின், கலங்கள் எவையும் இல்லாத வெறுஞ்சூளையில் முதல் சோதனை நடைபெறும்.