நேரியல் சமன்பாட்டைத் தீர்த்தல்

தெரியாத ஓர் எண்ணை ஓர் எழுத்தால் குறித்து, அதைப் பற்றிய செய்தியைச் சமக்குறியின் இருபுறமும் எழுதினால் சமன்பாடு கிடைக்கிறது. அவ்வெழுத்து மாறி எனப்படும். மாறியின் அடுக்கு 1 மட்டுமாக இருந்தால் அது நேரியல் சமன்பாடு அல்லது ஒருபடிச் சமன்பாடு ஆகும். சமன்பாட்டை உண்மையாக்கும் எண்ணே அதன் தீர்வு. இக்கட்டுரையில் மாறி ‘ய’ என்ற எழுத்தால் குறிக்கப்படுகிறது.

அடிப்படை விதி

சமன்பாடு, சாயாமல் நிற்கும் தராசு போன்றது. ஒரு தட்டில் செய்வதையே மறு தட்டிலும் செய்தால் சமநிலை குலையாது. எனவே இருபுறமும் ஒரே எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம். சுழியம் அல்லாத ஒரே எண்ணால் பெருக்கலாம், வகுக்கலாம்.

எடுத்துக்காட்டு 1: 3ய + 5 = 20

இருபுறமும் 5ஐக் கழிக்க: 3ய = 15
இருபுறமும் 3ஆல் வகுக்க: ய = 5

“பக்கம் மாறினால் குறி மாறும்” என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது இவ்விதியின் சுருக்கமே. உண்மையில் எந்த எண்ணும் இடம் மாறுவதில்லை. இருபுறமும் 5ஐக் கழித்ததால் இடப்பக்கத்தில் அது நீங்கி, வலப்பக்கத்தில் −5 தோன்றுகிறது. காரணம் அறியாமல் சுருக்கத்தை மட்டும் பின்பற்றுவோர், 3ய = 15 என்ற படியில் ய = 15 − 3 = 12 என்று எழுதிவிடுவதுண்டு. இங்கு 3 கூட்டப்படவில்லை, ய உடன் பெருக்கப்பட்டுள்ளது. ஆகவே அதை நீக்க வகுக்க வேண்டும்.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, ஒரு பக்கம் கழிக்கப்பட்டிருக்கும் அளவை இருபுறமும் கூட்டி நீக்குவதை ‘அல்-ஜப்ர்’ என்றார். இயற்கணிதத்தைக் குறிக்கும் ‘அல்ஜீப்ரா’ என்ற சொல் இதிலிருந்தே வந்தது.

பின்னமும் அடைப்புக்குறியும்

எடுத்துக்காட்டு 2: ய/2 − (ய − 4)/3 = 3

பகுதிகளான 2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6. வலப்பக்க எண்ணையும் விடாமல் எல்லா உறுப்புகளையும் 6ஆல் பெருக்க வேண்டும்.

3ய − 2(ய − 4) = 18
3ய − 2ய + 8 = 18
ய + 8 = 18
ய = 10

இரண்டாம் படியே பலர் தவறும் இடம். −2 அடைப்புக்குறிக்குள் உள்ள இரு உறுப்புகளையும் பெருக்கும்; (−2) × (−4) = +8.

சரிபார்த்தல்

கிடைத்த விடையை முதலில் தரப்பட்ட சமன்பாட்டிலேயே இட வேண்டும். இடைப்பட்ட படியில் இட்டால், அதற்கு முன் நேர்ந்த பிழை வெளிப்படாது. மேற்கண்ட கணக்கில் ய = 10 எனில், 10/2 − 6/3 = 5 − 2 = 3. விடை சரி. +8க்குப் பதில் −8 என எழுதியிருந்தால் ய = 26 கிடைக்கும். அதை இட்டால் 13 − 22/3 = 17/3 என வருகிறது; இது 3 அன்று. பிழை உடனே தெரிகிறது.

சொற்கணக்கு

ஏறத்தாழ கி.மு. 1550இல் எகிப்தில் எழுதப்பட்ட ரைண்டு பாப்பிரசின் 24ஆம் கணக்கு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19 ஆகின்றன. அவ்வளவு யாது?

ய + ய/7 = 19
7ய + ய = 133
8ய = 133
ய = 133/8, அதாவது 16 + 5/8

மாறிக்கு எழுத்து வழங்காத அக்காலத்தில் எகிப்தியர் ஓர் எண்ணை ஊகித்துத் தொடங்கினர். 7 எனக் கொண்டால் கூடுதல் 7 + 1 = 8. தேவையானது 19 என்பதால், 7ஐ 19/8ஆல் பெருக்கினால் அதே விடை கிடைக்கிறது. மாறி இல்லாத தனி எண் சேர்ந்த 3ய + 5 = 20 போன்ற கணக்குகளுக்கு இவ்வழி நேரடியாகப் பயன்படாது; ய இரு மடங்கானாலும் 5 மாறாமல் இருப்பதே காரணம். அப்பாப்பிரசிலும் விடையோடு சரிபார்த்தல் இடம்பெற்றுள்ளது: 16 + 1/2 + 1/8 என்ற அளவும், அதன் ஏழில் ஒரு பங்கான 2 + 1/4 + 1/8 என்ற அளவும் சேர்ந்து 19.